இஞ்சின் முழுங்கி

யுத்தம் முடிந்து, பெட்ரோல் கூப்பன் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய சமயம். நான் பெரம்பலூரில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். உடையார்பாளையத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பண்ணையார் ஆள் அனுப்பியிருந்தார். யுத்தம் முழுக்க நிறுத்தி வைத்திருந்த பழைய கார், இன்ஜின் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது, வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஷெட் முதலாளிக்கு அவர் வேண்டியவர். கிளம்பு என்றார், கிளம்பினேன்.

அந்தக் காலத்துப் பஸ் பயணத்தை இப்போதுள்ளவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பின்பக்கம் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரியை எரித்து வரும் வாயுவில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அரியலூர் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து ஜெயங்கொண்டம் போகிற இன்னொன்று. மூக்கில் கரியோடு ரோட்டோரம் இறங்கினால், பண்ணையின் மாட்டு வண்டி காத்துக்கொண்டிருந்தது.

வண்டியோட்டி வாய் ஓயாத ஆள். முந்திரிக்காடு தாண்டுவதற்குள் முழுக் கதையும் சொல்லிவிட்டார். காருக்கு ஒரு டிரைவர் இருந்தாராம். எண்ணெய் இல்லாமல் ஓட்டி இன்ஜினைக் கொன்றுவிட்டாராம். பண்ணையார் அவரைச் சாவடிக்கு இழுத்து, ஊர் முன்னால் நிறுத்தி, வாயில் வந்ததையெல்லாம் திட்டினாராம். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு இன்னொரு பெயர். "இஞ்சின் முழுங்கின்னு கேட்டீங்கன்னா சின்னப் புள்ளகூட வூட்டக் காட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியோட்டி சிரித்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. டிரைவர்மேல் பரிதாபப்பட்டு அல்ல, அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் யாரோ, நான் யாரோ. இன்ஜினைப் பார்க்கும் முன்பே அதற்கு என்ன வியாதி என்று எனக்குச் சொல்லித் தருகிறார்களே, அதுதான் எரிச்சல். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத விஷயம் அது ஒன்றுதான்.

பண்ணையாரும் அதையேதான் செய்தார். வாங்க மேஸ்திரி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார், மோர் கொடுக்கச் சொன்னார். அதற்கப்புறம், "பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. எண்ணெ இல்லாம ஓட்டிக் கொன்னுட்டான் பாவி. தேறுமா தேறாதா, அதை மட்டும் சொல்லுங்க. தேறாதுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றார்.

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன். மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

கார் வண்டிக் கொட்டகையில் இருந்தது. அந்த வீட்டம்மாளுக்குக் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து வந்த வண்டி. நான் பார்த்தபோது அதற்கு இருபது வயதுக்குக் குறையாது. சக்கரங்களைக் கழற்றிப் பரணில் போட்டு, வண்டியை மரக்கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். சீட்டில் கோழி அடைகாத்த அடையாளம். எங்கும் ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. ஆனால் மூடியைத் திறந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தக் காலத்துப் பழைய இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருக்கும், அடியில் ஒரு திருகு. குளிரில் இன்ஜின் கிளம்பாவிட்டால் அதில் துளி பெட்ரோல் ஊற்றித் திருகைத் திறந்து உள்ளே விடுவார்கள். இந்த வண்டியில் அந்த நாலு கிண்ணமும் பூஜைப் பாத்திரம்போலப் பளபளவென்று இருந்தன. யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சரி, யாரோ வேலையில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

முதலில் இன்ஜினை முன்பக்கமிருந்து கையால் சுற்றுகிற ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. சில சமயம் இன்ஜின் நன்றாகவே இருக்கும், அதோடு சேர்ந்து சுற்றுகிற வேறு ஏதாவது இறுகிப்போய் இன்ஜினையும் பிடித்து வைத்திருக்கும். அதனால் விசிறி பெல்ட்டைக் கழற்றினேன். டைனமோ கையால் தள்ளினாலே சுற்றியது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி எடுத்தேன். அதன் பல்லும் சிக்கிக்கொண்டிருக்கவில்லை. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீரும் இல்லை. திரும்ப ஹாண்டில் போட்டேன். கல்லில் முட்டியதுபோல நின்றது. ஆக, பிடித்திருப்பது இன்ஜின்தான். ஏன் பிடித்தது என்பதுதான் இனிமேல் கேள்வி.

இதற்கு நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். இன்ஜினைக் கடைசியாக நிறுத்தியவரிடம் பேசாமல் மேற்கொண்டு ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டேன். அது தானாக நின்றதா, அவர் நிறுத்தினாரா? நின்றபோது என்ன சத்தம், என்ன வாடை? இதையெல்லாம் இரும்பு சொல்லாது, ஆள்தான் சொல்ல வேண்டும்.

டிரைவரைக் கூப்பிடுங்கள் என்றதும் பண்ணையாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பய இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். அவன் வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்?"

"அவரு வரலைன்னா நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பறேங்க" என்று நட்டு திருகுகிற சாவிகளை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தேன். வீராப்பெல்லாம் இல்லை. எனக்கு வேலை அப்படித்தான் ஓடும்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டம்மாளின் குரல் கேட்டது. "ஆளு அனுப்புங்க. நாலு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போவுது?" பண்ணையார் முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பினார்.

டிரைவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். இடுப்பில் துண்டு, கையெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால் பட்ட கறுப்புத் தழும்பு. காரோட்டிய கை இப்போது கொட்டை உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே வெயிலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாங்கண்ணே என்று நான் இரண்டு முறை சொன்ன பிறகுதான் வந்தார். காரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கடைசி ஓட்டம் எது என்று கேட்டேன். அரியலூர் ஸ்டேஷனில் யாரையோ ரயிலேற்றிவிட்டு வந்தாராம். வந்து கொட்டகையில் விட்டு சுவிட்சை அணைத்தாராம். வழக்கம்போலத்தான் நின்றதாம், சத்தம் எதுவும் இல்லையாம். அதற்கு மறுநாள்தான் பெட்ரோல் கிடைக்காது என்று வண்டியைக் கட்டைமேல் ஏற்றியது. ரொம்ப நாள் கழித்து ஹாண்டில் போட்டுப் பார்த்தபோது அசையவில்லை, அன்றைக்குத்தான் சாவடிக் கச்சேரி.

ஓடும்போது பிடித்துக்கொண்ட இன்ஜின் சும்மா நிற்காது. கிறீச்சென்று அலறி, சக்கரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். இவர் சொல்வது உண்மையென்றால் இது ஓட்டத்தில் செத்த இன்ஜின் அல்ல. அதை நான் சொல்ல வாயெடுக்கும்போதே அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேஸ்திரி, யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு வர்ற வழியில ஓடைக்கரையில தண்ணி கொதிச்சு ஆவியா கெளம்பிருச்சு. நான் ஆற விடாம தண்ணிய ஊத்தி ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். எல்லாம் அதுலதான் போயிருக்கும். நாந்தான். சுத்தி வளைக்காம நாந்தான்னு சொல்லிட்டுப் போயிருங்க. அய்யாவும் விட்டுருவாரு, நானும் விட்டுருவேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஊர் சொல்கிறது, பண்ணையார் சொல்கிறார், அதெல்லாம் இருக்கட்டும். இந்த மனிதரே தான்தான் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஷெட்டில் டிரைவர் இல்லாமல் ஒரு பஸ் சும்மா நின்றுகொண்டிருந்தது. நீங்கள் ஏன் வேறு எங்கும் வேலை கேட்கவில்லை என்று கேட்டேன். அரியலூரில் ஒருமுறை கேட்டாராம், அங்கேயும் முழுங்கி கதை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்ததாம். "அவங்க சிரிச்சதுல தப்பில்லீங்க. எனக்கே ஸ்டேரிங்கப் புடிக்கக் கை வரல" என்றார்.

அவர் சொன்ன கொதிப்பையும் ஒதுக்கிவிட முடியாது. கொதித்த இன்ஜின், ஆறியபின் உள்ளே இறுகிப்போவதும் உண்டு. ஆக அவர் பக்கம் ஒரு நியாயம், அவருக்கு எதிராக ஒரு நியாயம். நான் இரண்டு பக்கமும் இல்லை. பிளக் ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஹாண்டில் போட்டால், முந்தின நாள் எப்படியோ அப்படியேதான் இருந்தது. சாதாரணமாகக் காய்ந்துபோன எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மண்ணெண்ணெய்க்கு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அடிப்பக்கத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன். டிரைவர் என் பின்னால் நின்று மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தது. விரலால் துழாவினேன், ஒரு இரும்புத் தூள் இல்லை. பேரிங்குகள் புது வெள்ளிக்காசுபோல இருந்தன. எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் அவை உருகி வழிந்திருக்கும். பண்ணையாரின் குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது. டிரைவர் தன்மேலேயே போட்டுக்கொண்ட குற்றச்சாட்டு மட்டும் பாக்கி.

இன்ஜின் தலையைக் கழற்றித் தூக்கினோம். கொதிப்பில் பிடித்திருந்தால் சிலிண்டர் சுவரெல்லாம் பூனை பிறாண்டியதுபோலக் கோடு கோடாக இருக்கும். ஒரு கோடு இல்லை. ஒரு பொட்டுத் துருகூட இல்லை, அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. ஆனால் நாலு பிஸ்டனின் தலைமேலும், ஓரத்து இடுக்கிலும், முந்திரி மரத்துப் பிசின்போல மஞ்சளாக ஏதோ கெட்டியாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெய் அதன்மேல் குளம் கட்டி நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. கொஞ்சம் சுரண்டி ஒரு பழைய கரண்டியில் போட்டு, அடுப்பு நெருப்பில் காட்டச் சொன்னேன். புகை வந்தது. கொட்டகையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சுளித்தார்கள். தமிழ்நாட்டில் பிறந்து, சின்ன வயதில் பேதிக்கென்று மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட யாருக்கும் அந்த வாடை மறக்குமா?

"வெளக்கெண்ண!" என்றார் பண்ணையார். "என்னய்யா கூத்து இது? காருக்குள்ள வெளக்கெண்ண எப்படிப் போவும்?"

எனக்கு அப்போதுதான் அந்தப் பளபளத்த கிண்ணங்கள் ஞாபகம் வந்தன. "இந்தக் கிண்ணத்தைத் தேய்க்கிறது யாருங்க?" என்று கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டம்மாள் வெளியே வந்தார். வெளி ஆண்கள் நிற்கிற இடத்துக்கு அப்படி வருகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் வந்து நின்றார்.

"நாந்தான் ஊத்துனேன்" என்றார்.

வண்டியைக் கட்டைமேல் ஏற்றிய அன்று டிரைவர் அந்தக் கிண்ணங்களில் கொஞ்சம் இன்ஜின் எண்ணெய் ஊற்றித் திருகைத் திறந்துவிட்டாராம். "அப்பப்ப எண்ணெ காட்டிக்கிட்டு இருக்கணும்மா, இல்லன்னா துரு ஏறிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா கொடுத்த வண்டியாயிற்றே என்று இந்த அம்மாள் அதை மனதில் வைத்துக்கொண்டார். யுத்த காலத்தில் இன்ஜின் எண்ணெய்க்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற கையோடு, கொட்டகைக்கு வந்து நாலு கிண்ணத்தையும் தேய்த்து, அதே எண்ணெயை ஊற்றித் திருகைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டி அச்சுக்கும் கிணற்றில் நீர் இறைக்கிற கமலை உருளைக்கும் விளக்கெண்ணெய் போடுகிற ஊர் அது. காருக்கு மட்டும் ஆகாது என்று யாருக்குத் தோன்றும்? உள்ளே இறங்கிய எண்ணெய் வருஷக்கணக்கில் உறைந்து பிசினாகிவிட்டது.

நான் உள்ளதைச் சொன்னேன். "அதுதாம்மா புடிச்சுக்கிச்சு. ஆனா அதுதான் துரு ஏறாம காப்பாத்தியும் வச்சிருக்கு. நீங்க ஊத்தாம இருந்தா இந்நேரம் உள்ள பூரா துருதான். இஞ்சின் சாவல, உறைஞ்சு கெடக்கு."

டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லை அண்ணே என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "தண்ணி கொதிச்சதுலயும் இல்லீங்களா?" என்றார். சுவரைத் தொட்டுப் பாருங்கள் என்று அவர் விரலைப் பிடித்து நாலு சிலிண்டருக்குள்ளும் தடவ வைத்தேன். வழுவழுவென்று இருந்தது. அந்த மனிதர் கொட்டகை மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கெண்ணெய் மண்ணெண்ணெய்க்கு மசியாது, ஸ்பிரிட்டுக்குத்தான் மசியும். ஜெயங்கொண்டத்தில் மர பீரோவுக்குப் பாலிஷ் போடுகிற ஒருவரிடம் ஸ்பிரிட் கிடைக்கும் என்றார்கள். டிரைவரே சைக்கிளில் போய் வாங்கி வந்தார். டின்னை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஊற்றினோம். சுரண்டினோம், திரும்ப ஊற்றினோம். பகல் சாய்கிற நேரத்தில் அவர் ஹாண்டிலைப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். "அசையுதுங்க" என்றார், சத்தமே வராத குரலில். அடுத்த இழுப்பில் ஒரு அரைச் சுற்று வந்தது. அப்புறம் முழுச் சுற்று.

எல்லாவற்றையும் கழுவி, திரும்பப் பூட்டி, புது எண்ணெய் ஊற்றி, சக்கரம் மாட்ட மறுநாள் ஆகிவிட்டது. கிளப்பியதும் இன்ஜின் முதலில் இருமியது, கொட்டகை முழுக்க விளக்கெண்ணெய்ப் புகையைக் கக்கியது, பிறகு சீராக ஓடியது. பண்ணையாருக்குத் தலைகால் புரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எடுப்பா வண்டிய, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றார். நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல. டிரைவர் வண்டிப் பக்கம் போகவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நானும் வரேன்" என்று வீட்டம்மாள் வந்து பின் சீட்டில் ஏறினார். அந்த வீட்டுப் பெண்கள் போகும்போது கார் ஜன்னலில் திரை போட்டிருக்கும். அதைக் கையால் ஒதுக்கிச் செருகினார். "டிரைவரே, சாவடிக்கு வுடுங்க" என்றார். டிரைவர் தயங்கித் தயங்கி ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்தார். நான் சத்தம் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்ற சாக்கில் படியில் தொற்றிக்கொண்டேன்.

செத்த வண்டி எழுந்து வருகிறதென்றால் ஊர் சும்மா இருக்குமா? சாவடிக்குப் போவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வண்டி நின்றதும் அந்த அம்மாள் ஜன்னல் வழியாகவே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இந்த வண்டி மொடங்குனது என்னாலதான். தெரியாம வெளக்கெண்ணெய ஊத்திப்புட்டேன். இவரு மேல எள்ளளவும் தப்பு இல்ல. இந்த எடத்துல எங்க வூட்டு ஆளு பேசுன பேச்சும் தப்பு." பிறகு முன் சீட்டைப் பார்த்து, "என்னங்க, சரிதானே?" என்றார்.

பண்ணையார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமா. நான் பேசுனது தப்புதான்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அவர் வாயிலிருந்து அந்த ஊர் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை என்று வண்டியோட்டி பிறகு என்னிடம் சொன்னார். அந்த வண்டியோட்டியும் அதற்கப்புறம் அந்தப் பட்டப்பெயரை வாயில் எடுக்கவில்லை.

பண்ணையார் அப்படிச் சொன்ன அதே சமயம் டிரைவரின் கால் கிளட்ச்சிலிருந்து நழுவி இன்ஜின் சட்டென்று நின்றுபோனது. கூட்டம் மொத்தமும் "ஐயோ!" என்றது. நான் இறங்கி ஹாண்டில் போட்டேன். ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. முதலில் சிரித்தது டிரைவர்தான். பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

பண்ணையார் அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். அவர் மரியாதையாக மறுத்துவிட்டு எங்கள் ஷெட்டில் வந்து சேர்ந்தார். திருமானூர்ப் பக்கம் ஓடிய பஸ்ஸை ரொம்பக் காலம் அவர்தான் ஓட்டினார். அவர் ஓட்டிய பஸ் ஒருநாளும் கொதித்ததில்லை. ஓடை ஓடையாக நிறுத்தி ரேடியேட்டரைப் பார்ப்பார், பயணிகள் திட்டுவார்கள்.

நானும் அதற்குப் பிறகு எத்தனையோ பிடித்துப்போன இன்ஜின்களைப் பிரித்துவிட்டேன். அவற்றில் ஒன்றும் இப்போது ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது "அப்ப நான் இல்லீங்களா?" என்ற அந்தக் கேள்விதான். இன்னொருவரைக் காட்டி அவர்தான் கெடுத்தார் என்று சொல்பவர்களை நான் எப்போதுமே நம்பியதில்லை. அந்த ஊருக்குப் போய்வந்ததிலிருந்து, நான்தான் கெடுத்தேன் என்று ஒருவர் தானே வந்து தலை குனிந்து நின்றாலும், முதலில் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.